உப்பு போட்ட குழம்புக்கு மறுபடியும் உப்பா?

காரில் பாட்டுப் பெட்டி மாற்றிய கதையைச் சொல்லப் போகிறேன். "இது என்ன, மெக்கானிக் விஷயம் நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மிக்ஸி ரிப்பேர், தண்ணீர் மோட்டார் ரிப்பேர், கேஸ் அடுப்பு பர்னர் என்று எத்தனையோ விஷயங்களை நாம்தானே தினமும் சமாளிக்கிறோம்? வீட்டுப் பணம் கரைகிற இடமும், குழந்தைகளின் காதும் உயிரும் சம்பந்தப்பட்ட இடமும் எதுவானாலும் அது நம் விஷயம்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் நாங்கள் ஒரு கார் வாங்கினோம். புதுசு இல்லை, ஒரு டாக்டர் ஏழு வருஷம் ஓட்டியது. அந்த மாடலிலேயே எல்லா வசதியும் உள்ள உயர்ந்த ரகம். என் கணவருக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. அதனால் பெரியவனைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, அத்தையை டாக்டரிடம் அழைத்துப் போவது, மளிகை, காய்கறி எல்லாவற்றுக்கும் கார் என் கையில்தான்.

அந்தக் காரில் பாட்டு அருமையாகக் கேட்கும். சின்னச் சத்தத்தில் வைத்தால்கூட வயலின் தனியாக, மிருதங்கம் தனியாகக் காதில் விழும். ஆனால் போன வருஷம் ஸ்டீரியோவின் திரை இருண்டு போயிற்று. பாட்டு பாடும், பட்டனைத் தொட்டால் எது எங்கே போகிறது என்று தெரியாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்துகிற இடம்தான் குழந்தைகள் விளையாடுகிற இடமும். என் சின்னவளுக்கு மூன்று வயது. அவள் காருக்குப் பின்னால் ஒட்டினாற்போல் நின்றால், உள்ளே இருக்கிறவர்கள் கண்ணில் படவே மாட்டாள். ரிவர்ஸ் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அடிவயிறு கலங்கும். பின்பக்கம் காட்டும் கேமராவோடு, பெரிய திரை உள்ள புது ஸ்டீரியோ போட்டுவிடலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம்.

பெட்டிக்குள் அப்பளம்!

எங்கள் பேட்டையிலேயே ஒரு கடை. சனிக்கிழமை காலை எல்லாருமாகப் போனோம். கடைப் பையன் மளமளவென்று டேஷ்போர்டைக் கழற்றினான், ஒயர்களை வெட்டினான், முறுக்கினான், கறுப்பு டேப்பைச் சுற்றினான். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. திரை பளபளவென்று இருந்தது. பின்னால் நின்ற ஸ்கூட்டரின் நம்பர்கூட அதில் தெரிந்தது. எனக்குப் பரம திருப்தி.

அப்புறம் பாட்டுப் போட்டான். சாவியைத் திருப்பியதுமே கதவுகளிலிருந்து 'தொப்'பென்று ஒரு சத்தம். தொடர்ந்து 'உஸ்' என்று ஓர் இரைச்சல். வால்யூம் 2-ல் வைத்ததற்கே காது பிளந்தது. 4-ல் வைத்தால் பாடகரின் குரல் கரகரவென்று உடைந்தது. சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். பாட்டை நிறுத்தினாலும் அந்த 'உஸ்' மட்டும் நிற்கவில்லை.

என் மாமியாருக்குக் காது மந்தம். அவரே கேட்டார்: "ஏம்மா, பெட்டிக்குள்ள யாராவது அப்பளம் பொரிக்கிறாங்களா?"

கடைக்காரர் வந்து பார்த்தார். "ஸ்பீக்கர் பழசு மேடம். புது ஸ்டீரியோவோட பவரைத் தாங்கலை. நாலு கதவுக்கும் புதுசு போட்டு, பழைய ஆம்பையும் தூக்கிடலாம். 28 ஆயிரம் ஆகும்" என்றார்.

"சரி, வந்தது வந்துட்டோம், முடிச்சிடலாமே" என்று இவர் பர்ஸில் கை வைத்துவிட்டார்.

"கொஞ்சம் இருங்க" என்றேன். "காலைல இங்க வர்ற வரைக்கும் இதே ஸ்பீக்கர் நல்லாத்தானே பாடிச்சு? ஒரு மணி நேரத்துல எப்படிப் பழசாச்சு?"

கடைக்காரரிடம் இதற்குப் பதில் இல்லை. "நாங்க எத்தனையோ கார் பண்றோம் மேடம்..." என்று இழுத்தார்.

அந்த 28 ஆயிரம் எங்கே இருந்தது தெரியுமோ? அத்தைக்குக் காதுக் கருவி வாங்குவதற்காக மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருந்த பணத்தில்தான் இருந்தது. "இந்த வயசுல எனக்கு எதுக்கும்மா?" என்று அவர் தள்ளித் தள்ளிப் போட்டு, அப்போதுதான் சம்மதித்திருந்தார். அதை எடுத்துக் கதவு ஸ்பீக்கருக்குப் போட என் மனசு ஒப்பவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் இன்னொன்றும் கவனித்தேன். இவர் அவசரத்தில் ஸீட் பெல்ட் போடாமலேயே காரைக் கிளப்பிவிட்டார். வழக்கமாக 'டிங் டிங்' என்று விடாமல் மணி அடித்துப் போட வைக்கும் கார், அன்று மூச்சுக்கூட விடவில்லை!

அண்ணா சொன்ன கணக்கு

திருச்சியில் என் அண்ணா முப்பது வருஷமாக ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அன்று மத்தியானமே போன் போட்டேன். நடந்ததை ஒன்று விடாமல் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இத பாரும்மா, பாட்டுப் பெட்டியில் பிறக்கிற சிக்னல் ரொம்ப மெலிசு. அது போய் ஸ்பீக்கரோட கூம்பை ஆட்டணும்னா பலம் வேணும். அந்தப் பலத்தைக் குடுக்கிறதுதான் ஆம்ப்ளிஃபையர். சாதாரணக் கார்ல அது ஸ்டீரியோவுக்குள்ளயே இருக்கும். பெட்டியிலேர்ந்து நேரா ஸ்பீக்கருக்கு ஒயர் போகும். ஆனா உயர்ந்த ரகக் கார் சிலதுல கம்பெனிக்காரனே ஆம்பைத் தனியா வெச்சு அனுப்புவான். ஸீட்டுக்கு அடியில, டிக்கியில, டேஷ்போர்டுக்குப் பின்னாலன்னு எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். அங்கே பெட்டி மெலிசான சிக்னலை மட்டும் அனுப்பும். பலத்தை ஆம்ப் குடுத்துக்கும்."

"அப்போ இந்தப் பையன் என்ன பண்ணிட்டான்?"

"புது ஸ்டீரியோவுக்குள்ள ஏற்கெனவே ஒரு ஆம்ப் இருக்கு. அது பெருசாக்கின சத்தத்தைக் கொண்டுபோய்க் காரோட ஆம்புக்குள்ள விட்டுட்டான். உப்பு போட்ட குழம்புல மறுபடியும் ஒரு கை உப்பைப் போட்டா எப்படி இருக்கும்? அதான் கரகரன்னு உடையுது. ஸ்பீக்கர் மேல தப்பு இல்லை!"

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. இத்தனை வருஷம் சமைத்தவளுக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

"அப்படின்னா ஆம்பை எடுத்துட்டு, இருக்கிற ஸ்பீக்கரையே நேரா புது ஸ்டீரியோவுல மாட்டிட்டா?" என்று கேட்டேன்.

"அதுவும் ஆகாது. ஸ்பீக்கருக்கு 'ஓம்'னு ஒரு கணக்கு உண்டு. சாதாரணக் கார் ஸ்பீக்கர் 4 ஓம். தனி ஆம்போட வர்ற ஸ்பீக்கர் பலதும் 2 ஓம். சிலது அதுக்கும் கீழே. ஓம் குறைஞ்சா கரண்டை அதிகமா இழுக்கும். 4 ஓமுக்குன்னு செஞ்ச பெட்டி அந்த இழுப்பைத் தாங்காது. சூடாகும், நின்னு நின்னு பாடும், ஒருநாள் உசிரை விட்டுடும்."

பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் வாட்ஸ் கணக்கையும் அண்ணாவே விளக்கினார். 'ஒரு ஸ்பீக்கருக்கு 50 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், அது ஒரு கண நேர உச்சம்தான். விடாமல் தரக்கூடியது சுமார் 20 வாட்ஸ், அவ்வளவே. அதனால் 'புது ஸ்டீரியோவின் பவரைப் பழைய ஸ்பீக்கர் தாங்கவில்லை' என்ற பேச்சே எங்கள் காருக்குப் பொருந்தாது.

இப்படிக் காரிலேயே ஆம்ப் வைப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. 1983-ஆம் வருஷ மாடலாக அமெரிக்காவில் வந்த காடிலாக் ஸெவில் போன்ற சில கார்களில், நான்கு ஸ்பீக்கர்களுக்கும் தனித்தனியே ஒரு ஆம்பைச் சேர்த்துப் பெட்டி கட்டி வைத்தார்கள். அதை உருவாக்கியது போஸ் கம்பெனி. 1964-ல் அந்தக் கம்பெனியை ஆரம்பித்த அமர் போஸ், வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன ஒரு சுதந்திரப் போராட்ட வீரரின் மகன். எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்து, 2013-ல் காலமானார். காரின் உள்ளே இருக்கிற இடத்தையும், ஸீட் துணி சத்தத்தை உறிஞ்சுவதையும் அளந்து பார்த்து அதற்கேற்ப ஸ்பீக்கரையும் ஆம்பையும் ஜோடி சேர்ப்பதுதான் இந்த முறையின் சூட்சுமம். ஜோடியாகச் செய்ததில் ஒன்றை மட்டும் பிய்த்தெடுத்தால் மற்றது சோபிக்காது.

பெரியவர் செய்த வைத்தியம்

அண்ணா சொன்னபடி, கார் சாமான் கடைகளுக்குப் பேர் போன சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக்குப் போனோம். நாலு கடையில் ஒரே கேள்வி கேட்டேன்: "இந்தக் கார்ல கம்பெனி ஆம்ப் இருக்கு. அதை அப்படியே வெச்சுக்கிட்டு ஸ்டீரியோவை எப்படி மாட்டுவீங்க?" மூன்று பேர் "ஆம்ப் எதுக்கு மேடம்?" என்றார்கள். நாலாவது கடையில் ஒரு பெரியவர் பதில் சொல்லாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து, டிரைவர் ஸீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "இதோ இருக்கான்" என்றார். எனக்குப் பிடித்துப் போயிற்று.

அவர் முதலில் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றினார். பிறகுதான் டேஷ்போர்டில் கை வைத்தார். மஞ்சள் நிற கப்ளர்களை மட்டும் தொடவே இல்லை. கேட்டேன். "அது பெரும்பாலும் ஏர்பேக் ஒயரும்மா. அதுல விளையாடக் கூடாது" என்றார்.

முந்தின கடையில் முறுக்கி டேப் சுற்றியதையெல்லாம் பிரித்து, புதுக் கப்ளர் வைத்து ஈயம் பற்றவைத்தார். ஸ்டீரியோவின் பின்னால், ஸ்பீக்கர் ஒயரைத் தவிர, சின்னச் சின்ன வட்ட சாக்கெட்டுகள் இருந்தன. உள் ஆம்புக்குப் போகாத மெலிசான சிக்னல் அந்த வழியாகத்தான் வெளியே வருமாம். எங்கள் காருக்கென்றே செய்த அடாப்டர் ஒன்றை வைத்து, அதைக் காரின் ஆம்போடு சேர்த்தார். ஸ்பீக்கருக்கென்று ஸ்டீரியோவிலிருந்து வந்த எட்டு ஒயர்களையும் ஒன்றோடொன்று படாதபடி தனித்தனியே மூடி ஒதுக்கிவிட்டார்.

அடுத்தது, வெள்ளைக் கோடு போட்ட நீல ஒயர். "இதுதான் ஆம்பை எழுப்புற ஒயர். ஸ்டீரியோ பாட ஆரம்பிச்சதும் இதுல 12 வோல்ட் வரும், ஆம்ப் முழிச்சுக்கும். ஸ்டீரியோவை நிறுத்தினா ஆம்பும் தூங்கிடும். அந்தப் பையன் இதை விட்டுட்டு, சாவி போட்டாலே ஆம்ப் ஓடற மாதிரி பண்ணி வெச்சிருக்கான். அதான் 'தொப்', அதான் நிக்காத 'உஸ்'. இப்படியே ரொம்ப நாள் ஓட்டியிருந்தா ஆம்பே போயிருக்கும்மா."

கடைசியில் இன்ஜினை ஓடவிட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்த்தார். இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று ஒரு முனகல் ஏறினால், எர்த் ஒயர் சரியில்லை அல்லது சிக்னல் ஒயர் பவர் ஒயரோடு ஒட்டிப் போகிறது என்று அர்த்தமாம். எங்கள் காரில் முனகல் இல்லை.

மூன்று மணி நேரம் ஆயிற்று. பாட்டுப் போட்டார். பழையபடி வயலின் தனி, மிருதங்கம் தனி!

ஸீட் பெல்ட் மணி விஷயத்தைச் சொன்னேன். "சில கார்ல அந்த மணியே பழைய ஸ்டீரியோ வழியாத்தான் வரும். அதைக் கழட்டினா மணியும் போயிடும். பல பேர் கவனிக்கிறதே இல்லைம்மா" என்றார். அதற்கென்று ஒரு சின்ன மாட்யூல் உண்டு. காரின் கம்ப்யூட்டர் அனுப்புகிற செய்தியை வாங்கி அது மணி அடிக்கும். ஸ்டியரிங்கில் உள்ள வால்யூம் பட்டன்களையும் அதுவே வேலை செய்ய வைக்கும். கடையில் இருப்பில் இல்லை. வரவழைக்க எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் எங்கள் வீட்டு 'டிங் டிங்' நான்தான்.

அடாப்டர், மாட்யூல், கூலி எல்லாம் சேர்ந்து ஏழாயிரத்துக்குள் முடிந்தது. அத்தையின் பணத்தில் ஒரு பைசா தொடவில்லை.

நீங்கள் மாற்றுவதானால்...

* பழைய ஸ்டீரியோ பாடுகிறபோதே எல்லா ஸ்பீக்கரும் வேலை செய்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கதவு மணி, பெல்ட் மணி, பார்க்கிங் பீப், ஸ்டியரிங் பட்டன் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அதே தாளை வைத்துச் சரிபாருங்கள்.
* காரில் தனி ஆம்ப் இருக்கிறதா என்று காரோடு வந்த புத்தகத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கேளுங்கள். கதவில் பிரபலமான ஆடியோ கம்பெனியின் பெயர்ப் பலகை இருந்தால், பெரும்பாலும் ஆம்ப் இருக்கும்.
* "ஒயரை வெட்டாம, கப்ளர் டு கப்ளர் போடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாரண்டி உள்ள காரானால் இது மிக முக்கியம். வெட்டிய ஒயரைக் காட்டி மின்சாரப் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.
* ஆம்பையும் ஸ்பீக்கரையும் மொத்தமாக மாற்றுவதும் ஒரு வழிதான். பழைய ஆம்ப் நிஜமாகவே செத்துப்போயிருந்தால் அதுதான் சரி. ஆனால் அப்போது ஸ்பீக்கர்களுக்குப் புது ஒயர் இழுக்க வேண்டியிருக்கலாம். செலவைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.
* சில வெளிநாட்டுக் கார்களில் ஸ்டீரியோவுக்கும் ஆம்புக்கும் நடுவே செம்பு ஒயருக்குப் பதில் ஒளி போகிற இழைக் கம்பி இருக்கும். அதற்குத் தனி அடாப்டர் இல்லாமல் எதுவும் நடக்காது.
* வண்டி ஓடும்போது திரையில் படம் ஓடாமல் தடுக்க, ஹேண்ட் பிரேக்கோடு சேர்க்கிற ஒயர் ஒன்று உண்டு. "அதை பைபாஸ் பண்ணித் தரேன்" என்பார்கள். வேண்டவே வேண்டாம்.
* கேமரா இருக்கிறதே என்று அசட்டையாக இராதீர்கள். அதற்கும் பார்வை எட்டாத மூலை உண்டு. ஏறுமுன் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

காது ஒன்றுதான்

அத்தையைக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது, அங்கிருந்த பெண்மணியிடம் காரில் பாட்டு எவ்வளவு சத்தமாக வைக்கலாம் என்றும் கேட்டேன். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கை அவர் எடுத்துச் சொன்னார். பெரியவர்களுக்கு 80 டெசிபல் சத்தம் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பரவாயில்லை. குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான். சத்தம் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் கேட்கக்கூடிய நேரம் பாதியாகக் குறையும். அப்படிப் பார்த்தால், 90 டெசிபலில் பெரியவர்களுக்கே வாரத்துக்கு 4 மணி நேரம்தான். குழந்தைகளுக்கு ஒன்றே கால் மணி!

மூடிய காரில் சத்தம் ஓடிப்போக இடமில்லை. குழந்தையின் ஸீட்டோ பின் கதவு ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே இருக்கும். டெசிபல் அளக்கக் கருவி இல்லையே என்றால் ஒரு சுலபமான வழி: பின் ஸீட்டில் இருக்கிற குழந்தையோடு குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும், வெளியே ஆம்புலன்ஸ் வந்தால் காதில் விழ வேண்டும். முடியவில்லையென்றால் சத்தம் ஜாஸ்தி. கரகரப்பான ஸ்பீக்கரில் வார்த்தை புரியாமல் கை தானாகவே வால்யூமைக் கூட்டும். சுத்தமாகக் கேட்டால் குறைவான சத்தமே போதும். நல்ல முறையில் மாட்டிய ஸ்டீரியோ காதுக்கும் நல்லது என்பது இதனால்தான்.

அத்தைக்குக் கருவி வந்துவிட்டது. அதை மாட்டிக்கொண்டு முதல் தடவை காரில் ஏறியவர் கொஞ்ச தூரம் போனதும், "ஏம்மா, இவ்வளவு சத்தம் எதுக்கு? கொஞ்சம் குறையேன்" என்றார். நான் வைத்திருந்தது 6. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அளவு 5-தான்.

கடைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் இல்லை. தெரியாமல் செய்கிறவர்களும் உண்டு. ஆனால் நன்றாக இருந்த ஒன்று நம் கண்ணெதிரே கெட்டுப்போனால், பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் "காலைல நல்லாத்தானே இருந்துச்சு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதைக் கேட்பதற்கு எலக்ட்ரிக்கல் படிப்பு வேண்டாம். வீட்டை நடத்துகிற நமக்கு இருக்கிற அறிவே போதும்.